ஃபோல்டரை அழிக்கும் முன் முதல் எரரைப் படியுங்கள்

கேள்வி: வணக்கம் சார். கோவையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறேன். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' கருவியால், கம்பெனியின் ஜாவா ப்ராஜெக்டை என் விண்டோஸ் லேப்டாப்பில் க்ளோன் செய்தேன், அதாவது சர்வரிலிருந்து முழுப் பிரதி இறக்கினேன். நூறு சதவீதம் வரை ஓடி, கடைசியில் ஏதோ எரர் வரிகள் வந்தன. நான் கவனிக்கவில்லை. ஃபோல்டர்தான் வந்துவிட்டதே என்று திறந்து, இரண்டு ஃபைல்களில் கொடுத்த வேலையையும் செய்து முடித்துவிட்டேன். ஆனால் பில்ட் (கோடை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுவது) ஆகவில்லை. மறுபடி க்ளோன் போட்டால், 'அந்த இடத்தில் ஏற்கெனவே ஃபோல்டர் இருக்கிறது, அது காலியாக இல்லை' என்று நின்றுவிடுகிறது. டெர்மினலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து செய்தேன். ஓடியது போலத்தான் இருந்தது, ஆனால் ப்ராஜெக்ட் எங்கே போனதென்றே தெரியவில்லை. சீனியர், 'ஃபோல்டரை அழிச்சிட்டு மறுபடி க்ளோன் பண்ணும்மா, என் லினக்ஸ் மெஷின்ல நல்லாத்தானே வருது' என்கிறார். அழித்தால் நான் செய்த வேலை போய்விடும். என்ன செய்யட்டும்? ப்ராஜெக்டை ஒன்டிரைவ், அதற்குள் டாக்குமென்ட்ஸ், அதற்குள் டிரெய்னிங் என்று நாலைந்து ஃபோல்டருக்கு உள்ளே வைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம்மா. அழிக்காமல் நிறுத்தி, கேட்டீர்கள் பாருங்கள், அது ரொம்பச் சரி. இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். நீங்கள் திருத்திய இரண்டு ஃபைல்களையும் முதலில் வேறொரு ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். அப்புறம் ப்ராஜெக்ட் ஃபோல்டரின் பெயரை 'பழசு' என்றோ வேறெதுவோ மாற்றிவிடுங்கள். 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று விண்டோஸ் மறுத்தால், எடிட்டரையும் டெர்மினலையும் மூடிவிட்டு மாற்றுங்கள். பெயரை மாற்றிய அந்த நிமிடமே 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற எரருக்கு வேலை போய்விட்டது. உங்கள் திருத்தமும் பத்திரம்.

இனி வரும் கட்டளைகளையெல்லாம் உச்சரிப்புப்படி எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

ஆனால் ஃபோல்டர் பெயரை மாற்றியதோடு பிரச்சினை தீராது. அதே இடத்தில் மறுபடி க்ளோன் செய்தால் அதே பாதி ப்ராஜெக்ட்தான் வரும். உங்களை இத்தனை அலைய வைத்தது இரண்டாவதாக வந்த எரர். அதற்குக் காரணம், நீங்கள் படிக்காமல் விட்ட முதல் எரர். அது என்னவாக இருக்கும் என்று உங்கள் கடிதத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிட முடிகிறது.

க்ளோன் என்பது இரண்டு கட்ட வேலை. முதல் கட்டத்தில் கிட், சர்வரிலிருந்து மொத்த வரலாற்றையும் இறக்கி, 'டாட் கிட்' என்ற மறைவு ஃபோல்டருக்குள் வைக்கிறது. நீங்கள் பார்த்த நூறு சதவீதம் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது கட்டத்துக்குச் செக்-அவுட் என்று பெயர். இறக்கிய வரலாற்றிலிருந்து இன்றைய நிலையை எடுத்து, நீங்கள் திறந்து திருத்தக்கூடிய ஃபைல்களாக ஃபோல்டரில் எழுதுவது.

முதல் கட்டத்தில் எங்காவது முறிந்தால், அதாவது நெட் போனாலோ, பாஸ்வேர்ட் தவறினாலோ, ரெப்போவின் (சர்வரில் ப்ராஜெக்ட் இருக்கும் களஞ்சியம்) முகவரி தப்பாக இருந்தாலோ, கிட் தான் உண்டாக்கிய ஃபோல்டரைத் தானே அழித்துவிட்டுத்தான் வெளியேறும். மிச்சம் மீதி இருக்காது. இரண்டாவது கட்டத்தில் முறிந்தால் அப்படிச் செய்வதில்லை. 'க்ளோன் முடிந்தது, செக்-அவுட் தோற்றது' என்ற பொருளில் ஒரு வரியைப் போட்டுவிட்டு, ஃபோல்டரை அப்படியே விட்டுவிடும். இறக்கிய வரலாறு முழுசாக உள்ளே இருக்கிறதே, அதைத் தூக்கி எறிய வேண்டாம் என்பது அதன் கணக்கு.

அதனால் உங்களிடம் பாதி நிரம்பிய ஃபோல்டர் மிஞ்சி இருப்பதே ஒரு தடயம். உங்கள் நெட் சரி, பாஸ்வேர்ட் சரி, ரெப்போவை அணுகும் அனுமதியும் சரி. தடங்கல் உங்கள் லேப்டாப்பில், ஃபைல்களை எழுதும் இடத்தில். (ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனாலோ, விண்டோவைப் பட்டென்று மூடினாலோகூட இப்படி மிச்சம் கிடக்கும். உங்கள் விஷயத்தில் எரர் வரிகள் வந்திருப்பதால் அது இல்லை.)

அடுத்த முறை க்ளோன் போட்டபோது கிட் அந்த மிச்சத்தைப் பார்த்து நின்றது. காலி ஃபோல்டர் என்றால் அதற்குள்ளேயே க்ளோன் செய்துவிடும். உள்ளே ஒரே ஒரு ஃபைல் இருந்தாலும், அது கண்ணுக்குத் தெரியாத மறைவு ஃபைலாக இருந்தாலும், தொடாது. உங்கள் ஃபைல்களோடு தன் ஃபைல்களைக் கலந்து எதையாவது அழித்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. நீங்கள் திருத்திய இரண்டு ஃபைல்கள் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அந்த எரருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சரி, முதல் எரர் என்ன? ஜாவா ப்ராஜெக்ட், விண்டோஸ், ஒன்டிரைவுக்குள் நாலைந்து ஃபோல்டர் ஆழம், சீனியரின் லினக்ஸில் பிரச்சினை இல்லை. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால், 'ஃபைல் பெயர் மிக நீளம்' என்ற எரராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விண்டோஸில் ஒரு ஃபைலின் முழுப் பாதைக்குப் பழைய காலத்திலிருந்தே 260 எழுத்து என்ற வரம்பு உண்டு. ஃபைலின் பெயருக்கு மட்டுமல்ல, 'சி' டிரைவில் தொடங்கி, வழியில் வரும் எல்லா ஃபோல்டர் பெயர்களும், நடுவில் வரும் சாய்கோடுகளும் சேர்ந்து 260. லினக்ஸில் இதே வரம்பு 4096. கிட்டே லினக்ஸ் உலகத்தில் பிறந்ததுதான். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) பராமரிப்பதற்காக எழுதிய கருவி அது. அதனால் லினக்ஸில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இந்த 260 என்ற எண் கண்ணிலேயே படாது. உங்கள் சீனியர் பொய் சொல்லவில்லை, அவர் மெஷினில் இது வரவே வராது.

ஜாவா ப்ராஜெக்ட்கள் இயல்பிலேயே ஆழமானவை. மாட்யூல் பெயர், அதற்குள் சோர்ஸ், மெயின், ஜாவா, அதற்குள் காம், கம்பெனி பெயர், ப்ராடக்ட் பெயர், அதற்கப்புறம் பேக்கேஜ் மேல் பேக்கேஜ், கடைசியில் நாற்பது ஐம்பது எழுத்தில் ஒரு கிளாஸ் பெயர். ரெப்போவுக்குள் மட்டுமே 180 எழுத்து வந்துவிடுவது சாதாரணம். அதற்கு முன்னால் உங்கள் யூசர் பெயர், கம்பெனி பெயரோடு கூடிய ஒன்டிரைவ் ஃபோல்டர், டாக்குமென்ட்ஸ், டிரெய்னிங், அதற்குள் இன்னும் இரண்டு ஃபோல்டர் என்றால் 80 எழுத்தைத் தாண்டியிருப்பீர்கள். எல்லா ஃபைலும் தாண்டாது, ஆழத்தில் இருக்கும் சில ஃபைல்கள்தான் தாண்டும். அதனால்தான் ஃபோல்டரைத் திறந்தால் ப்ராஜெக்ட் வந்துவிட்ட மாதிரி தெரிந்தது. பில்ட் செய்யும்போதுதான் இல்லாத ஃபைல்களைத் தேடி நின்றிருக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. செக்-அவுட் தோற்கும்போது, 'கிட் ரிஸ்டோர் கட்டளையை இப்படி ஓட்டி மறுபடி முயன்று பாருங்கள்' என்று கிட்டே ஒரு யோசனை சொல்லும். நீங்கள் ஒன்றும் திருத்தாமல் இருந்திருந்தால் பரவாயில்லை. இப்போது அதை ஓட்டினால், நீங்கள் திருத்திய இரண்டு ஃபைல்கள் மேலும் பழைய பதிப்பை எழுதிவிடும், கேட்கவும் கேட்காது. 'ரீசெட் ஹார்ட்' என்று யாராவது சொன்னாலும் அதே கதிதான். அதே போல அந்தப் பழைய ஃபோல்டரில் இருந்துகொண்டு கமிட் செய்யவே, அதாவது மாற்றங்களை வரலாற்றில் பதியவே, கூடாது. அங்கே கிட் ஸ்டேட்டஸ் போட்டுப் பாருங்கள், டிஸ்க்கில் எழுதப்படாத ஃபைல்களையெல்லாம் நீங்கள் நீக்கிவிட்டதாகவே அது பட்டியல் போடும். அந்த நிலையில் கமிட் செய்து, அதைச் சர்வருக்கு அனுப்பும் புஷ்ஷும் செய்துவிட்டால், டீம் முழுவதற்கும் அந்த ஃபைல்களை அழித்துக் கொடுத்தது போல ஆகும். வரலாற்றிலிருந்து மீட்டுவிடலாம்தான், ஆனால் சேர்ந்த புதிதில் இந்தப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சி டிரைவில் நேரடியாக, 'கோட்' என்பது போல நாலெழுத்தில் ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். கம்பெனி லேப்டாப் அதற்கு அனுமதிக்காவிட்டால், உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் உண்டாக்குங்கள், டாக்குமென்ட்ஸும் டெஸ்க்டாப்பும் வேண்டாம். கிட் பாஷை (விண்டோஸ் கிட்டோடு வரும் டெர்மினல்) சாதாரணமாகத் திறந்து, ஃபோல்டர் மாற்றும் 'சிடி' கட்டளை கொடுத்து அந்த ஃபோல்டருக்குள் போய், அங்கே க்ளோன் செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை, கிட் கன்ஃபிக் கட்டளையில் குளோபல் ஆப்ஷன் கொடுத்து, 'கோர் டாட் லாங்பாத்ஸ்' என்பதை 'ட்ரூ' என்று வைத்துவிடுங்கள். இது விண்டோஸுக்கான கிட்டில் 260-ஐத் தாண்டிய பாதையையும் எழுத அனுமதிக்கும்.

அந்த செட்டிங் ஒன்றே போதாதா, ஃபோல்டரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். கிட் எழுதிவிடும், ஆனால் அதைப் படிக்க வேண்டிய மற்ற கருவிகளுக்கும் நீளப் பாதை தெரிந்திருக்க வேண்டுமே! விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து இந்த வரம்பைத் தளர்த்த வழி இருக்கிறது. ஆனால் அதை இயக்கிய பிறகும், ஒவ்வொரு மென்பொருளும் தன் பங்குக்கு அதற்குத் தயாராக எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லாம் அப்படி எழுதப்படவில்லை. விண்டோஸ் கிட் அந்த செட்டிங்கை அணைத்தே வைத்துத் தருவதற்கும் இதுதான் காரணம். நான் பார்த்தவரை, பாதையைக் குட்டையாக வைப்பதுதான் நிரந்தர மருந்து. செட்டிங் ஒரு துணை, அவ்வளவுதான்.

ஒன்டிரைவை விட்டு வெளியே வரச் சொல்வதற்கு நீளம் மட்டும் காரணமில்லை. டாட் கிட் ஃபோல்டருக்குள் நிறையக் குட்டிக் குட்டி ஃபைல்கள் இருக்கும். நீங்கள் கமிட் செய்யும்போதும் பிராஞ்ச் (வேலைக்கென்று தனியாகப் பிரித்த கிளை) மாற்றும்போதும் அவை மாறிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் ஒன்டிரைவ் அவற்றை மேலே அனுப்பப் பார்க்கும், சிலதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 'ஃபைலை நீக்க முடியவில்லை' என்ற எரர் காரணமில்லாமல் வந்து வந்து போவது இதனால்தான் பல பேருக்கு. இரண்டு கணினியிலிருந்து அதே ஃபோல்டரைத் தொட்டால் டாட் கிட்டே கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. வேலைக்கு பேக்கப் வேண்டுமே என்றால், அதற்குப் புஷ் இருக்கிறது. தினமும் மாலையில் உங்கள் பிராஞ்ச்சைப் புஷ் செய்துவிடுங்கள்.

க்ளோன் ஓடும்போது இந்த முறை கடைசி வரைக்கும் பாருங்கள். எரர் வந்தால், கீழே இருக்கும் வரியோடு நிற்காமல் மேலே உருட்டி, 'எரர்' அல்லது 'ஃபேட்டல்' என்று முதலில் தொடங்கும் வரியைத் தேடுங்கள். நான் சொன்ன நீளப் பாதைதான் காரணமா என்று அந்த வரி உறுதி செய்துவிடும். எரர் இல்லாமல் முடிந்தால், புது ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் சிடி கொடுத்துப் போய் கிட் ஸ்டேட்டஸ் போடுங்கள். உள்ளே போக மறந்து வெளியிலிருந்தே போட்டால், 'இது கிட் ரெப்போவே இல்லை' என்று சொல்லும். பயப்பட வேண்டாம், உள்ளே போய்ப் போட்டால் சரியாகிவிடும். மாற்றம் எதுவும் இல்லை, எல்லாம் சுத்தம் என்று வர வேண்டும். வந்த பிறகு, காப்பி எடுத்து வைத்த இரண்டு ஃபைல்களையும் அதனதன் இடத்தில் வையுங்கள். இப்போது கிட் டிஃப் போட்டால் நீங்கள் செய்த திருத்தம் மட்டும், வரிவரியாகத் தெரியும். நீங்கள் தொடாத வரிகளும் அதில் மாறியிருப்பதாகக் காட்டினால், இடையில் வேறு யாரோ அந்த ஃபைலை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது முழு ஃபைலையும் வைக்காமல் உங்கள் வரிகளை மட்டும் கையால் சேருங்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தபோது க்ளோன் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தீர்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் டெர்மினல் பெரும்பாலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'சிஸ்டம் 32'-இல்தான் திறக்கும். இடம் மாறாமல் க்ளோன் போட்டிருந்தால், ப்ராஜெக்ட் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அங்கே பாதை குட்டை, அதனால்தான் தடையில்லாமல் ஓடியிருக்கிறது. இதுவும் என் யூகத்துக்கு வலு சேர்க்கிறது. ஆனால் அந்த இடம் விண்டோஸின் உயிர்நாடி. ரெப்போவின் பெயரில் இருக்கும் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் எக்ஸ்ப்ளோரரில் தேடி, பெயரை இரண்டு தடவை சரிபார்த்து நீக்குங்கள். டெர்மினலில் அழிக்கும் கட்டளையை அங்கே ஓட்டவே வேண்டாம். கொஞ்சம் தயக்கமாக இருந்தால் ஐடி சப்போர்ட்டைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அட்மினிஸ்ட்ரேட்டராக, அல்லது லினக்ஸில் சூடோ (அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் தரும் கட்டளை) போட்டு, க்ளோன் செய்வது அனுமதிப் பிரச்சினைக்குத் தீர்வு மாதிரித் தெரியும். ஆனால் அப்படி உண்டாக்கிய ஃபைல்களுக்கு உரிமையாளர் நீங்கள் இல்லை. அப்புறம் சாதாரண யூசராக அங்கே போனால், 'இந்த ரெப்போவின் உரிமையாளர் சந்தேகத்துக்குரியவர்' என்ற பொருளில் ஒரு எரர் வரலாம். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து கிட் இந்தச் சோதனையைச் செய்கிறது. பலர் பகிரும் கணினியில், வேறொருவர் மேல் ஃபோல்டரில் ஒரு டாட் கிட்டை வைத்து, அதன் செட்டிங் வழியாக உங்கள் பெயரில் கட்டளைகளை ஓடவைக்க முடியும் என்று கண்டுபிடித்ததால் வந்த பாதுகாப்பு அது. இந்த எரருக்கு, 'சேஃப் டைரக்டரி' செட்டிங்கில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபோல்டரையும் நம்பச் சொல்லிவிடு என்று பலரும் சொல்லிக் கொடுப்பார்கள். செய்யாதீர்கள். சாதாரண யூசராக, உங்களுக்குச் சொந்தமான ஃபோல்டரில் க்ளோன் செய்தால் இந்தப் பேச்சே எழாது.

இதே போல விண்டோஸில் செக்-அவுட் தோற்க வேறு சில காரணங்களும் உண்டு. உங்களுக்கு இப்போது தேவைப்படாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். 'பாதை செல்லாது' என்று வந்தால், ரெப்போவில் விண்டோஸ் ஏற்காத பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது. பெயரில் முக்காற்புள்ளி இருக்கலாம். அல்லது 'கான்', 'ப்ரன்', 'ஆக்ஸ்', 'நல்' போன்ற, டாஸ் காலத்தில் சாதனங்களுக்கு ஒதுக்கி வைத்த பெயராக இருக்கலாம். லினக்ஸ் கெர்னலிலேயே 'ஆக்ஸ் டாட் சி' என்று ஒரு ஃபைல் உண்டு, விண்டோஸில் அதை க்ளோன் செய்தால் அங்கே இடறும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மட்டுமே வேறுபடும் இரண்டு பெயர்களும் கெர்னலில் இருக்கின்றன. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால் ஒரு ஃபைல்தான் மிஞ்சும், கிட் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். அது மாதிரி ரெப்போக்களுக்கு டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டு, அதன் லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே க்ளோன் செய்வதுதான் நல்லது. சி டிரைவுக்குள் செய்தால் மறுபடி விண்டோஸின் விதிகளிடமே போய் நிற்பீர்கள்.

ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கிட் ஏற்றுக்கொள்ளும். ஸ்டேட்டஸில் பெயருக்குப் பதிலாக 340, 256 என்று எண்களாக வந்தால் ஃபைல் கெடவில்லை, 'கோர் டாட் குவோட்பாத்' என்ற செட்டிங்கை அணைத்தால் தமிழிலேயே காட்டும். ஆனால் லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் நம் எழுத்தின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும், 'கொ' என்பதற்கே ஆறு பைட். பெயரைச் சுருக்கமாக வைத்தால் பிரச்சினை இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புதிய இடத்திலும் தகராறு செய்தால், சீனியரிடம் 'க்ளோன் ஆகவில்லை' என்று மட்டும் சொல்லாமல் மூன்று விஷயங்களை அனுப்புங்கள். மேலிருந்து முதல் எரர் வரி அப்படியே காப்பி செய்தது, எந்த ஃபோல்டரில் நின்று க்ளோன் செய்தீர்கள் என்பது, கிட்டின் பதிப்பு எண். லினக்ஸில் இருக்கிறவருக்கும் இந்த மூன்றைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும். காரணம் நீளப் பாதைதான் என்று உறுதியானால், விண்டோஸில் குட்டையான ஃபோல்டரில் க்ளோன் செய்யவும் என்று ப்ராஜெக்டின் ரீட்மீயில் ஒரு வரி சேர்க்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். அடுத்து சேரும் டிரெய்னிக்கு ஒரு நாள் மிச்சமாகும், உங்கள் முதல் கமிட்டாகவும் அது இருக்கலாம்.

'பழசு' ஃபோல்டரை உடனே அழிக்க அவசரமில்லை. உங்கள் திருத்தம் புஷ் ஆகி, ரெப்போவின் இணையப் பக்கத்தில் உங்கள் பிராஞ்ச்சில் கண்ணால் பார்த்த பிறகு அழித்துக்கொள்ளுங்கள்.